கிதார் செய்ய எந்த ஜிக் முதலில்? நடுக்கோட்டிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இது: "முதல் கிதாரை முழுக்கக் கையாலேயே செய்து முடித்தேன். சத்தம் நன்றாகவே வருகிறது. ஆனால் நெக் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மெல்லிய ஈ தந்தி கடைசி ஃபிரெட்டுகளில் விளிம்பை ஒட்டி ஓடுகிறது, அழுத்தினால் வெளியே நழுவுகிறது. அடுத்து டெலிகாஸ்டர் வடிவில் இரண்டு மூன்று செய்யலாம் என்றிருக்கிறேன். கை ரவுட்டர், டிரில், ஜிக்சா மூன்றும் இருக்கின்றன. என்னென்ன ஜிக் செய்துகொள்ள வேண்டும், எதில் தொடங்குவது?"

ஜிக் என்றால் கருவி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வெட்டும்படி வழிகாட்டும் அமைப்பு. நான்கு போதும். நெக் பாக்கெட் (கழுத்து உட்காரும் பள்ளம்) வெட்ட ஒரு சட்டம், பாடிக்கு (உடலுக்கு) ஒரு டெம்ப்ளேட் என்கிற வடிவப் பலகை, ஃபிரெட் என்கிற குறுக்குக் கம்பிகளைப் பதிக்கும் ஸ்லாட் அறுக்க ஒரு பெட்டி, அந்தக் கம்பிகள் பதியும் ஃபிரெட்போர்டுக்கு வளைவு கொடுக்க ஒரு ரேடியஸ் ஜிக். இதே வரிசையில் செய்யுங்கள். நெக்கின் முதுகைச் செதுக்குவதற்கு ஜிக் வேண்டாம், அது கைக்கே இருக்கட்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கிதாருக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். டெலிகாஸ்டர் மாதிரிக் கிதாரில் நெக்கின் அடிப்பகுதி உட்காரும் பள்ளம் ஏறத்தாழ 76 மி.மீ. நீளம். அந்தப் பள்ளத்தின் ஒரு முனை இன்னொரு முனையைவிட 0.3 மி.மீ. பக்கவாட்டில் விலகியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, மூன்று காகிதத் தடிமன்தான். ஆனால் அங்கிருந்து நட் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் சின்னக் கட்டை) வரை கிட்டத்தட்ட 460 மி.மீ. தூரம் இருக்கிறது. 0.3 மி.மீ. விலகல் நட்டுக்குப் போய்ச் சேரும்போது 1.8 மி.மீ. ஆகிவிடும். தந்திகள் பாடியில் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து நட்டுக்கு நேராகத்தான் போகும். நெக்தான் அவற்றின் அடியில் சாய்ந்து கிடக்கிறது. ஆக, உங்கள் கையில் குறை இல்லை. அளவுகோலை வைத்துப் பென்சில் கோடு போட்டு உளியால் பிடிக்கக்கூடிய துல்லியம் இது இல்லை. இந்த மாதிரி இடத்துக்குத்தான் ஜிக்.

நான் மர வேலை கற்றது கோவையில், பவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் (வார்ப்பு அச்சு எடுக்கும் மர மாதிரி) செய்கிற ஒரு பட்டறையில். பம்பு உடல், மோட்டார் மூடி என்று எது வந்தாலும் அங்கே முதலில் போடுவது நடுக்கோடு. பலகையின் விளிம்பிலிருந்து அளந்தால் மூத்தவர் கையைத் தட்டிவிடுவார். விளிம்பு இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இழைத்துத் தள்ளிவிடுவோம். நடுக்கோடு கடைசி வரை இருக்கும். கிதாருக்கு வந்த பிறகுதான் அந்தப் பழக்கத்தின் மதிப்பு எனக்கு முழுசாகப் புரிந்தது. நட், நெக், பாக்கெட், தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப், பிரிட்ஜ் எல்லாம் ஒரே கோட்டில் நிற்க வேண்டிய பொருள் இது. நீங்கள் செய்யும் ஒவ்வொரு ஜிக்கிலும் அந்தக் கோடு கத்தி முனையால் கீறப்பட்டிருக்க வேண்டும். பென்சில் கோடே அரை மி.மீ. அகலம் வந்துவிடும், ஆகவே கத்திதான். கீறிய பிறகு அதில் பென்சில் தூளைத் தேய்த்தால் பளிச்சென்று தெரியும்.

டெலிகாஸ்டரைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. இந்தக் கிதாரே ஜிக்கை மனதில் வைத்துப் பிறந்தது. லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிதார் வாசிக்கத் தெரியாது. 1950-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிதாரில் தட்டையான பலகைதான் பாடி, நெக்கை நான்கு திருகுகளால் பிடித்துவிடலாம், பழுதானால் கழற்றி வேறு மாட்டலாம். அடுத்த ஆண்டு அதற்கு டெலிகாஸ்டர் என்று பெயர் நிலைத்தது. எந்த நெக்கும் எந்தப் பாடியிலும் உட்கார வேண்டும் என்றால் எல்லாப் பாடிகளும் ஒரே டெம்ப்ளேட்டில் வந்தாக வேண்டும் அல்லவா? வயலின் செய்கிறவர் ஒவ்வொரு நெக்கையும் அதன் உடலுக்கு ஏற்பப் பார்த்துப் பார்த்துப் பொருத்துவார். ஃபெண்டர் அந்தப் பார்த்துப் பொருத்தும் வேலையை முன்கூட்டியே டெம்ப்ளேட்டுக்குள் வைத்துவிட்டார். ஜிக் வைத்துச் செய்வது கைவினை இல்லையோ என்ற கூச்சம் சிலருக்கு உண்டு. உங்களுக்கும் இருந்தால் விட்டுவிடுங்கள். ஜிக்கைச் செய்வதில்தான் அந்தக் கைவினை இருக்கிறது.

சரி, பொருள். 12 மி.மீ. எம்.டி.எஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) எடுத்துக்கொள்ளுங்கள். 6 மி.மீ. மலிவு, அறுக்கவும் சுலபம், ஆனால் வேண்டாம். காரணம் பேரிங். ரவுட்டர் என்பது சுழலும் கத்தியால் மரத்தைக் குடையும் கருவி, அந்தக் கத்திதான் பிட். டெம்ப்ளேட் பிட்டில் மேலே ஒரு சின்ன பேரிங், அதன் கீழே வெட்டும் பகுதி. பேரிங் டெம்ப்ளேட்டின் விளிம்பைத் தொட்டபடி உருள வேண்டும், வெட்டும் பகுதி மரத்தைத் தொட வேண்டும். வெட்டும் பகுதி 12 மி.மீ. நீளம் என்று வையுங்கள். முதல் தடவை 3 மி.மீ. ஆழம் மட்டும் வெட்ட நினைத்தால், மீதி 9 மி.மீ. கத்தி டெம்ப்ளேட்டின் உயரத்துக்குள்தான் நிற்கும். டெம்ப்ளேட் 12 மி.மீ. என்றால் மேலே 3 மி.மீ. பேரிங்குக்குக் கிடைக்கிறது. 6 மி.மீ. என்றால் பேரிங் காற்றில் சுற்றும், கத்தி உங்கள் டெம்ப்ளேட்டையே தின்றுவிடும். ஒரு நொடியில் நடந்து முடியும். ரவுட்டரைப் போடுவதற்கு முன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குனிந்து பேரிங் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு முறையும்.

எம்.டி.எஃப்புக்கு ஈரம் ஆகாது. ஐப்பசி மழையில் விளிம்பு உப்பிவிடும். வடிவம் சரியாக வந்த பிறகு விளிம்பு முழுக்க மெல்லிய சூப்பர் குளூவை ஓட விட்டு, காய்ந்ததும் 320 உப்புத்தாளால் ஒரு தேய். கல் மாதிரி ஆகிவிடும், பேரிங் அழுத்தினாலும் பள்ளம் விழாது. இந்தத் தூசும் ரவுட்டர் தூசும் நுரையீரலுக்குக் கெடுதல், முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். ஈட்டி மரத்தின் தூசு சிலருக்கு ஒவ்வாமையே கொடுக்கும்.

பேட்டர்ன் பட்டறையிலிருந்து இன்னொரு பழக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் செய்வது மாஸ்டர். அதை வைத்து நகல் எடுங்கள், நகலை வைத்துக் கிதார் வெட்டுங்கள். நகலில் ரவுட்டர் கடித்துவிட்டால் மாஸ்டரிலிருந்து பத்து நிமிடத்தில் இன்னொன்று எடுத்துவிடலாம். மாஸ்டர் சுவரில் தொங்கட்டும்.

இப்போது நெக் பாக்கெட். இதை விரிவாகச் சொல்கிறேன், உங்கள் பிரச்சினைக்கு மருந்து இதுதான்.

ஃபெண்டர் அளவில் நெக்கின் அடி கிட்டத்தட்ட 56 மி.மீ. அகலம், பள்ளத்தின் ஆழம் 15.9 மி.மீ. அகலத்தை அளந்து, வரைந்து, அறுத்துப் பாக்கெட் டெம்ப்ளேட் செய்யலாம் என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்போம். ஆனால் நெக்கின் பக்கங்கள் இணையாக இல்லை, நட்டை நோக்கிக் குறுகிக்கொண்டே போகின்றன. உங்கள் நெக் 56 இல்லாமல் 55.7 ஆகவும் இருக்கலாம். அதனால் அளக்கவே வேண்டாம். நெக்கையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு 12 மி.மீ. எம்.டி.எஃப் பலகை, 200 மி.மீ. அகலம், 250 நீளம். நடுவில் நீளவாக்கில் கோடு கீறுங்கள். நெக்கின் அடியிலும் நடுக்கோடு கீறியிருக்க வேண்டும், அடி முனையிலும் ஹெட்ஸ்டாக் (முறுக்காணிகள் இருக்கும் தலை) முனையிலும் அது தெரிய வேண்டும். நெக்கைப் பலகை மேல் வைத்து இரண்டு கோடுகளும் ஒன்றாக நிற்கும்படி சரிசெய்யுங்கள். நெக்கின் பெரும்பகுதி பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஆகவே நட்டின் நடுவிலிருந்து பலகையின் பின்முனை வரை ஒரு மெல்லிய நூலை இழுத்துக் கட்டுங்கள். கொத்தனார் நூல் பிடிப்பது போலத்தான். நூல் நட், நெக்கின் அடிமுனை, பலகையின் பின்முனை என்ற மூன்று இடத்திலும் கோட்டின் மேல் ஓடுகிறதா என்று நேர் மேலேயிருந்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஓடினால் நெக்கை கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள்.

அடுத்து மூன்று துண்டுகள். 12 மி.மீ. எம்.டி.எஃப்பில் நேரான விளிம்புள்ள பட்டைகள். ஒன்றை நெக்கின் இடப் பக்கம், ஒன்றை வலப் பக்கம், ஒன்றை அடிமுனையில். ஒவ்வொன்றையும் நெக்கோடு ஒட்டி வைக்கும்போது நடுவில் ஒரு சாதாரணக் காகிதத்தைச் செருகுங்கள். காகிதம் 0.1 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து 0.2 மி.மீ. இடைவெளி கிடைக்கும். வார்னிஷ் பூச்சு ஏறினால் அது போய்விடும். பூச்சு மெல்லியதாக எண்ணெய் மட்டும்தான் என்றால் ஒரு பக்கம் காகிதம் போதும். பட்டைகளைப் பசை போட்டு, திருகும் போட்டு அடிப்பலகையில் பிடித்துவிடுங்கள். காய்ந்ததும் நெக்கை எடுத்தால், உங்கள் நெக்கின் வடிவத்திலேயே ஒரு சட்டம் நிற்கும். சட்டத்துக்குள் இருக்கும் அடிப்பலகையை ஜிக்சாவில் 2 மி.மீ. விட்டு அறுத்து, மீதியை அதே டெம்ப்ளேட் பிட்டை வைத்து பேரிங் பட்டைகளில் ஓடும்படி வெட்டி எடுத்துவிட்டால், கீழே வரை ஒரே நேர்ச்சுவர். இப்போது மொத்த உயரம் 24 மி.மீ. ஆழம் குறைவாகத் தொடங்க அது வசதி. ஆனால் பள்ளத்தின் அடியைத் தொடும்போது கத்தி டெம்ப்ளேட்டைத் தாண்டி 16 மி.மீ. இறங்க வேண்டும். உங்கள் பிட்டும் ரவுட்டரும் அவ்வளவு எட்டுமா என்று முன்பே பாருங்கள். எட்டாவிட்டால், முதல் சில பாஸ் (ஒரு ஆழத்தில் ஒரு தடவை ஓட்டுவது ஒரு பாஸ்) முடிந்ததும் சட்டத்தை எடுத்துவிடலாம். பேரிங் அப்போது ஏற்கெனவே வெட்டிய மரச் சுவரையே பிடித்து ஓடும்.

மூலைகளை மறக்காதீர்கள். ரவுட்டர் பிட் வட்டமானது, பள்ளத்தின் மூலையும் வட்டமாகத்தான் வரும். 16 மி.மீ. பிட் போட்டால் மூலையில் 8 மி.மீ. ஆரம். நெக்கின் அடி மூலைகளை அதே ஆரத்துக்கு அரத்தால் உருட்டிவிடுங்கள், அல்லது பள்ளத்தின் மூலையை உளியால் சதுரமாக்குங்கள்.

முதல் வெட்டைக் கழிவுத் துண்டில் செய்யுங்கள். நெக்கை உள்ளே அழுத்தினால் லேசாக இறுகி உட்கார வேண்டும். துண்டைத் தலைகீழாகப் பிடித்தால் நெக் தானாக விழக் கூடாது. நெக்கைப் பிடித்துத் தூக்கினால் துண்டும் கூடவே வர வேண்டும். என் பட்டறையில் அந்தத் துண்டு தூக்கின கையோடு மேலே வரும்போது இன்றைக்கும் மனசு நிறைகிறது.

பாடி டெம்ப்ளேட் இதைவிடச் சுலபம். வடிவத்தை முழு அளவில் அச்சடித்து ஒட்டுங்கள். ஆனால் அச்சடித்த தாளை நம்பாமல், அதிலுள்ள ஒரு 300 மி.மீ. கோட்டை இரும்பு ஸ்கேலால் அளந்து பாருங்கள். பல கடைகளில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள், மூன்று நான்கு சதவீதம் சுருங்கியிருக்கும். பேட்டர்ன்காரர்கள் வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்குவதற்காக மீட்டருக்கு 10 மி.மீ. கூட்டிய ஸ்கேலையே தனியாக வைத்திருப்பார்கள். அந்த ஸ்கேலைத் தெரியாமல் எடுத்து அளந்து ஒரு பலகையை வீணாக்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த ஸ்கேல் கையில் கிடைத்தாலும் இன்னொன்றோடு ஒத்துப் பார்க்காமல் வேலை தொடங்குவதில்லை.

டெம்ப்ளேட்டில் பாடியின் வெளிவடிவத்தோடு நடுக்கோடும் இரண்டு முளைத் துளைகளும் வேண்டும். துளைகள் எங்கே? பின்னால் எப்படியும் வெட்டி எறியப்போகிற இடத்தில். ஒன்று பிரிட்ஜ் பிக்கப் குழிக்குள், ஒன்று நெக் பாக்கெட்டுக்குள். இரண்டும் நடுக்கோட்டின் மேலேயே வந்துவிடும். 6 மி.மீ. உருளை மர முளை போட்டால் வெளிவடிவ டெம்ப்ளேட், பிக்கப் டெம்ப்ளேட் எல்லாம் ஒரே இடத்தில் வந்து உட்காரும். பாக்கெட் சட்டத்துக்கு மட்டும் முளை கிடையாது, அதன் துளை இருக்கும் இடமே திறப்பாகிவிட்டது. அதைப் பாடியில் கீறிய நடுக்கோட்டோடு ஒத்து வைத்து கிளாம்ப் போடுங்கள். குழிகளை வெட்டி முடித்ததும் துளைகள் மறைந்துபோகும்.

டெம்ப்ளேட்டை மரத்தில் பிடிக்க இரட்டைப் பக்க டேப் போடுவார்கள். நம் ஊர் வெயிலில் அதன் பசை இளகி, டெம்ப்ளேட் மெதுவாக நகர்ந்துவிடுகிறது. எனக்குப் பிடித்த வழி: மரத்தில் ஒரு மாஸ்கிங் டேப், டெம்ப்ளேட்டில் ஒரு மாஸ்கிங் டேப், இரண்டுக்கும் நடுவில் சூப்பர் குளூ. அரை நிமிடத்தில் பிடிக்கும், அசையாது, வேலை முடிந்ததும் டேப்பை உரித்தால் மரத்தில் தடமே இருக்காது.

பாடி 44.5 மி.மீ. கனம். ஜிக்சாவில் கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு அறுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ரவுட்டருக்குக் கொடுங்கள். ஒரு பாஸுக்கு 5 மி.மீ. ஆழத்துக்கு மேல் போக வேண்டாம். வெளிவிளிம்பில் ரவுட்டர் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் நகர வேண்டும், குழிக்குள் கடிகாரத் திசையில். அப்போதுதான் பிட் உங்களை எதிர்த்துத் தள்ளும், ரவுட்டர் கையை மீறி ஓடாது. இதிலும் ஒரு சிக்கல் வரும். டெலிகாஸ்டருக்கு ஒரே ஒரு கொம்பு, நெக்கின் பக்கத்தில் கூர்ந்து நீளும் பாடியின் முனை. அதன் நுனியில் மர இழை குறுக்கே நிற்கும். அங்கே மரம் பிய்ந்து வர எப்போதும் வாய்ப்பு உண்டு. என் இரண்டாவது கிதாரில், மகாகனி பாடி, கட்டைவிரல் அளவு துண்டு கொம்பிலிருந்து தெறித்துப் போனது. அன்றைக்கு 2 மி.மீ.க்குப் பதில் 6 மி.மீ. விட்டு அறுத்திருந்தேன், ரவுட்டர் பார்த்துக்கொள்ளும் என்று. இப்போது கொம்பு நுனியில் மட்டும் டிரம் சாண்டரால் கோடு வரை தேய்த்து வைத்துக்கொண்டு, ரவுட்டருக்கு ஒரு மெல்லிய சீவல் மட்டும் விடுகிறேன். அதன் பிறகு பிய்ந்ததில்லை.

இனி ஃபிரெட்போர்டு. இங்கே கணக்கும் உண்டு.

ஃபெண்டர் ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையான தந்தி நீளம், 647.7 மி.மீ. முதல் ஃபிரெட்டின் இடம் தெரிய அதை 17.817-ஆல் வகுக்க வேண்டும். 36.35 வரும். மீதியை மறுபடி 17.817-ஆல் வகுத்தால் அடுத்தது. 16-ஆம் நூற்றாண்டில் விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்சென்ட்ஸோ கலிலேய், தானும் லூட் என்ற தந்தி வாத்தியக் கலைஞர், 18-ஆல் வகுக்கும் விதியைச் சொல்லியிருக்கிறார். கருவி செய்கிறவர்களிடம் அது நெடுங்காலம் புழங்கியது. அந்த விதிப்படி போனால் 12-ஆம் ஃபிரெட் நடுவுக்கு 2.4 மி.மீ. முன்னாலேயே நின்றுவிடும். இன்றைக்கு நமக்கு அந்தச் சமரசம் தேவையில்லை. ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: எல்லா ஃபிரெட்டையும் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததை அளந்தால், ஒவ்வொரு முறையும் விழும் 0.1 மி.மீ. பிழை ஒன்று சேர்ந்து கடைசியில் 2 மி.மீ. ஆகி நிற்கும்.

ஸ்லாட் பெட்டி இப்படி. ஒரு அடிப்பலகை, பின்பக்கம் ஒரு நேர்ச்சுவர், ரம்பம் 90 டிகிரியில் ஓட இரண்டு பக்கமும் கட்டைகள். சுவரின் கீழ்விளிம்பில் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஊசி வந்து உட்கார விளிம்பில் 'வி' வெட்டுகள் உள்ள ஒரு அக்ரிலிக் பட்டையை ஃபிரெட்போர்டின் அடியில் ஒட்டுவோம். ஒரு வெட்டில் ஊசியை வைத்து அறு, நகர்த்து, அடுத்த வெட்டு, அறு. அவ்வளவுதான். அந்த அக்ரிலிக் பட்டையைப் பெயர்ப்பலகை செய்யும் கடையில் லேசரில் வெட்டிக் கொடுப்பார்கள். வாங்கியதும் மூன்று இடத்தில் சரிபாருங்கள்: நட்டிலிருந்து 5-ஆம் ஃபிரெட் 162.47, 7-ஆம் ஃபிரெட் 215.41, 12-ஆம் ஃபிரெட் 323.85. இந்த மூன்றும் சரியென்றால் மற்றவையும் சரியாகத்தான் இருக்கும்.

ரம்பம் மட்டும் வாங்கித்தான் ஆக வேண்டும். ஃபிரெட் ஸ்லாட் 0.58 மி.மீ. அகலம். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண முதுகு ரம்பம் அதைவிட அகலமாக வெட்டும், ஃபிரெட் கம்பி பிடிக்காமல் எழுந்து நிற்கும்.

வரிசை முக்கியம். பலகை செவ்வகமாக இருக்கும்போதே ஸ்லாட் அறுத்துவிடுங்கள், அப்போதுதான் விளிம்பு சுவரில் ஒட்டி நிற்கும். அதன் பிறகு ரேடியஸ், அதற்கும் பிறகுதான் ஓரங்களைக் குறுக்குவது. முதலிலேயே குறுக்கிவிட்டால் எந்த விளிம்பை நம்பி 90 டிகிரி பிடிப்பீர்கள்? ரேடியஸ் போட்டதும் ஓரங்களில் ஸ்லாட்டின் ஆழம் குறைந்திருக்கும். 241 மி.மீ. ஆரத்தில் 56 மி.மீ. அகலப் பலகையின் ஓரம் நடுவைவிட 1.6 மி.மீ. கீழே போகிறது. அதே ரம்பத்தை விட்டு ஓரங்களை மறுபடி ஆழப்படுத்த வேண்டியிருக்கும்.

ரேடியஸ் ஜிக்கில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். அமைப்பு எளிது: இரண்டு முனையிலும் வில் போல மேல்நோக்கி வளைந்த கட்டை, அவற்றின் மேல் ஊஞ்சல் மாதிரி இடமும் வலமும் ஆடும் ஒரு தட்டு, தட்டின் மேல் நீளவாக்கில் ஓடும் ரவுட்டர். ஃபிரெட்போர்டு கீழே நடுவில் ஒட்டியிருக்கும். நீளவாக்கில் ஒரு ஓட்டம், தட்டைக் கொஞ்சம் சாய், மறுபடி ஓட்டம். பலகையில் வளைவு தானாக வந்துவிடும்.

ஃபெண்டரின் பழைய கிதார்களில் ஆரம் 7.25 அங்குலம், இப்போது வருபவற்றில் பெரும்பாலும் 9.5 அங்குலம். எனக்கு 9.5 வேண்டும், அதாவது 241 மி.மீ. வில் கட்டைகளை 241 ஆரத்தில் அழகாக வெட்டினேன். முதல் பலகையை முடித்து, 9.5 அங்குல ஆரத்துக்கு வெட்டிய அட்டை கேஜை மேலே வைத்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். நடுவில் தொடுகிறது, இரண்டு ஓரத்திலும் வெளிச்சம். உப்புத்தாளில் சரியாகிவிடும் என்று தேய்த்தேன், ஆகவில்லை. இரண்டாவது பலகையிலும் அதே வெளிச்சம், அதே அளவு. ஜிக்கின் குணம் அது, தப்பையும் மாறாமல் திருப்பித் தரும்.

ராத்திரி தாளில் வரைந்து பார்த்தபோதுதான் விளங்கியது. தட்டு ஆடுவது வில் கட்டையின் வட்ட மையத்தைச் சுற்றி. ஆனால் வெட்டுவது பிட்டின் நுனி. நுனி, வில்லின் உச்சியைவிட 22 மி.மீ. கீழே இருந்தது. அது மையத்துக்கு 22 மி.மீ. பக்கத்தில் இருக்கிறது, ஆகவே பலகையில் விழுந்த ஆரம் 241 இல்லை, 219. வில் கட்டையை 263-இல் வெட்டியிருக்க வேண்டும். வேண்டிய ஆரம், அதோடு பிட் நுனி எவ்வளவு கீழே இறங்குகிறதோ அந்த அளவு. இதே காரணத்தால் பிட்டை ஒவ்வொரு மி.மீ. இறக்கும்போதும் ஆரமும் ஒரு மி.மீ. குறையும். கடைசி பாஸில் நுனி கணக்குப் போட்ட அதே உயரத்தில் நிற்க வேண்டும். பலகை கனம் கூடக் குறைய இருந்தால் பலகையின் அடியில் மெல்லிய தகடு வைத்து உயரத்தைச் சரிசெய்யுங்கள், பிட்டைத் தொடாதீர்கள்.

வில்லை வெட்ட ஒரு மரப்பட்டையின் ஒரு முனையில் ரவுட்டரையும் மறுமுனையில் ஆணியையும் வைத்துச் சுற்றினால் போதும். மேல்நோக்கி வளைந்த கட்டைக்கு, ஆணியிலிருந்து பிட்டின் உள்விளிம்பு வரைதான் ஆரம். பிட்டின் நடுவரை அளந்துவிடாதீர்கள். ஆடும் தட்டின் நீளக் கம்பிகளுக்கு மரம் வேண்டாம், ரவுட்டர் நடுவில் வரும்போது தொய்யும், ஃபிரெட்போர்டின் நடுவில் பள்ளம் விழும். அலுமினிய ஜன்னல் செய்கிற கடையில் மீந்துபோன பெட்டிக்குழாய்த் துண்டுகள் கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு 700 மி.மீ. துண்டு இருந்தால் போதும்.

ஜிக்கிலிருந்து வரும் பலகையில் மெல்லிய வரிகள் இருக்கும். அதே ஆரமுள்ள நீளமான கட்டையில் 80, 120, 220 என்று உப்புத்தாள் ஒட்டி நீளவாக்கில் மட்டும் தேய்த்தால் போய்விடும். பலகை ஈட்டி மரமாக இருந்தால் இந்த இடத்தில் அதன் ஊதாக் கறுப்பு நிறம் மேலே வரும். உலகம் முழுக்க கிதார்க்காரர்கள் இந்திய ரோஸ்வுட் என்று கேட்டு வாங்குவது நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டியைத்தான்.

இப்போது நெக்கின் முதுகு. பக்கங்களைக் குறுக்குவதற்கும், நெக் வளையாமல் பிடிக்கும் உள் இரும்புக் கம்பிக்கான கால்வாய்க்கும் டெம்ப்ளேட் வைத்துக்கொள்ளலாம். கால்வாயை மட்டும் நெக் சதுரக் கட்டையாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள், ரவுட்டரின் இரண்டு பக்கமும் வழிகாட்டிப் பட்டை வைத்து. ஆனால் முதுகின் வளைவுக்கு நான் எந்த ஜிக்கும் செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை. ஃபெண்டர் தொழிற்சாலையிலேயே ஐம்பதுகளில் நெக்குகளைக் கையால் தேய்த்து வடிவம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் தாடேயோ கோமஸ் என்பவர் நெக்கின் அடியில் எழுதிய 'டி.ஜி.' என்ற எழுத்துகளைப் பழைய கிதார் சேகரிப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள். பாடி எல்லாம் ஒரே டெம்ப்ளேட்டில் வந்தது, ஆனால் உள்ளங்கையில் உட்காரும் இடம் மனிதக் கையில்தான் முடிந்தது. வாசிப்பவரின் கை நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருக்கும் இடம் அது. என் கட்டைவிரல் எங்கே இடிக்கிறது என்று எந்த டெம்ப்ளேட்டுக்கும் தெரியாது.

இதற்கு வேண்டியது இரண்டு அட்டை கேஜ்கள் மட்டும். முதல் ஃபிரெட்டுக்கு ஒன்று, 12-ஆம் ஃபிரெட்டுக்கு ஒன்று. பிடித்த ஒரு கிதாரின் நெக்கிலிருந்து அந்த இரண்டு இடத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கனம் முதல் ஃபிரெட்டில் 21, 12-இல் 23 மி.மீ. என்று தொடங்கலாம். அந்த இரண்டு இடத்தையும் முதலில் அரத்தால் கேஜுக்குச் சரியாகக் கொண்டுவந்து, நடுவில் உள்ளதை நேராக இணைத்துவிட வேண்டும். சாய்ந்த முகங்களாக வெட்டி, அந்த முகங்களின் விளிம்புகளை மறுபடி வெட்டி, போகப் போக வட்டமாகும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கையை ஓட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும்.

அக்கூஸ்டிக் கிதார் பக்கம் போனால் ஜிக் பட்டியல் நீளும். பக்கப் பலகையைச் சூடாக்கி வளைக்கும் அச்சு, மேல்பலகைக்கும் முதுகுக்கும் மெல்லிய வளைவு கொடுக்கும் குழிந்த வட்டத் தட்டு என்று பல. 28 அடி ஆரத் தட்டு என்றால் பயந்துவிடாதீர்கள், 400 மி.மீ. அகலத்துக்கு அதன் குழிவு வெறும் 2.3 மி.மீ. அதைத் தேவை வரும்போது பேசலாம்.

ஒவ்வொரு ஜிக்கின் மேலும் மார்க்கரால் எழுதி வையுங்கள்: தேதி, எந்த பிட், எவ்வளவு ஆழம், எந்த முகம் மேலே. ஆறு மாதம் கழித்து எடுக்கும்போது எதுவும் நினைவிருக்காது. என் பாக்கெட் சட்டத்தில் "16 மி.மீ. பிட், முதல் பாஸ் 3, கடைசி 15.9, காகிதம் 2 பக்கம்" என்று எழுதியிருக்கிறது.

அப்புறம், உங்கள் முதல் கிதாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாக்கெட் சட்டம் தயாரானதும், பழைய பள்ளத்தைச் சதுரமாக வெட்டி, அதே வகை மரத்தில், இழை ஓட்டம் அதே திசையில் இருக்கும்படி ஒரு கட்டையை இறுக்கமாக ஒட்டி நிரப்புங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். மேல்பரப்பை இழைத்துச் சமமாக்கி, பிரிட்ஜின் நடுவிலிருந்து புதிதாக நடுக்கோடு கீறி, சட்டத்தை அதன் மேல் வைத்து வெட்டுங்கள். பழைய திருகுத் துளைகளையும் முளை அடித்து அடைத்துவிட்டுப் புதிதாகத் துளையிடுங்கள். ஒட்டிய கோட்டின் பெரும்பகுதி நெக்குக்கு அடியில் மறைந்துவிடும், மெல்லிய ஈ தந்தியும் பலகைக்குள் வந்துவிடும்.